ரோட்டில் தடுப்பை எடுக்கிறார்கள்... ஸ்டேஷனில் வைக்கிறார்கள்! டிக்கெட் கேட் திருப்பூருக்கு வந்தால் என்ன ஆகும்?

கணியூர் என்றதும் கொங்குப் பக்கம் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டோல்கேட்தான். 544-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அவிநாசியிலிருந்து கோவை போகும்போது, கருமத்தம்பட்டியைத் தாண்டி நீலாம்பூருக்கு முன்னால் வரும் சுங்கச்சாவடி. (மடத்துக்குளம் பக்கம் இன்னொரு கணியூர் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இது ஹைவே கணியூர்!) பனியன் பண்டல் ஏற்றிய வேன், சோமனூர் துணி ஏற்றிய லாரி, கொச்சிக்குப் போகும் கன்டெய்னர், கல்யாணத்துக்குப் போகும் கார் என எல்லாம் இந்தத் தடுப்புக்கு முன்னால் வேகம் குறைத்தே ஆக வேண்டும்.

வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் ஸ்டிக்கரில் பேட்டரி கிடையாது. பணமும் கிடையாது. மேலே இருக்கும் ஆன்டெனா அனுப்பும் ரேடியோ அலையைத் தொட்டதும் அது தன் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்குரிய கணக்கில் பணம் இருக்கிறதா, டேக் 'பிளாக்லிஸ்ட்' ஆகியிருக்கிறதா என்று பார்த்த பிறகு தடுப்பு உயரும். 2021 பிப்ரவரி நடுவில் இது கட்டாயமானது. டேக் இல்லாமல் வந்தால் இரு மடங்கு கட்டணம். 2025 நவம்பர் 15 முதல் அதில் ஒரு சின்ன மாற்றம்: டேக் இல்லாதவர் யுபிஐ-யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு, ரொக்கமாகக் கட்டினால் அதே இரு மடங்கு என்று அப்போது ஆனது.

இதே அவிநாசி ரோட்டில் நேராகப் போனால் கோவை விமான நிலையம். அங்கே 2024-ல் 'டிஜியாத்ரா' வந்துவிட்டது. முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிறது. ஆனால், திருப்பூர் ரயில் நிலையத்தில் இப்படி எந்தக் கதவும் இல்லை. டிக்கெட் எடுத்தவர், எடுக்காதவர், வழியனுப்ப வந்தவர், டீ விற்பவர் எல்லோரும் ஒரே வாசலில் நுழையலாம். டிடிஇ கேட்டால்தான் டிக்கெட் வெளியே வரும்.

லாரிக்குக் கதவு உண்டு, விமானத்துக்குக் கதவு உண்டு. ரயிலுக்கு மட்டும் ஏன் இல்லை? வந்தால் என்ன ஆகும்? 2025-க்குப் பிறகு இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 73 முக்கிய ரயில் நிலையங்களில் நுழைவை முழுமையாகக் கட்டுப்படுத்தப் போவதாக அந்த ஆண்டு மார்ச்சில் ரயில்வே அறிவித்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டில் சாலையில் நடந்தது இதற்கு நேர்மாறு. வண்டி நிற்காமலேயே டேக்கையும் நம்பர் பிளேட்டையும் கேமரா படித்துக் கட்டணம் எடுக்கும், தடுப்பே இல்லாத சுங்கச்சாவடிக்கு குஜராத்தின் சோர்யாசியில் ஒப்பந்தம் போட்டார்கள். நாட்டிலேயே முதல் ஒப்பந்தம் அது. கட்டணம் கட்டாமல் போனாலும் வண்டிக்கு நம்பர் இருக்கிறது. வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பலாம். நடந்து போகிற மனிதருக்கு நம்பர் பிளேட் இல்லையே!

மூங்கில் இலை சொல்லிக்கொடுத்த பாடம்

டிக்கெட் கேட் என்ற சமாச்சாரம் ஜப்பானில் கூட்டத்தால் பிறந்தது. 1960-களில் அங்கே காலை நேர ரயில்களில் கால் வைக்க இடமிருக்காது. வாசலில் நின்று ஒவ்வொரு டிக்கெட்டையும் ஓட்டை போடும் ஊழியர்களால் சமாளிக்க முடியவில்லை. 1967-ல் ஒசாகா அருகே, ஹான்கியூ ரயில்வேயின் கிட்டசென்ரி நிலையத்தில் தானியங்கி கேட்டுகளை வரிசையாக வைத்தார்கள். தயாரித்தது, இன்று நம் வீடுகளில் பி.பி. பார்க்கும் மெஷினால் பரிச்சயமான ஓம்ரான் நிறுவனம்.

அதில் ஒரு சிக்கல். அவசரத்தில் இருப்பவர் டிக்கெட்டை நேராக விடுவாரா? கோணலாகப் போடுவார். கோணலாகப் போனால் காந்தப் பட்டையை மெஷினால் படிக்க முடியாது. இதற்கு விடை கிடைத்த விதத்தை அந்த நிறுவனத்தில் இன்றும் ஒரு கதையாகச் சொல்வார்கள். மீன்பிடிக்கப் போன பொறியாளர் ஒருவர், ஓடையில் மிதந்து வந்த மூங்கில் இலை ஒரு கல்லில் இடித்துத் திரும்பி நேராகப் போவதைப் பார்த்தாராம். மெஷினுக்குள்ளும் டிக்கெட் போகும் பாதையில் அப்படி இடிக்கிற ஒன்றை வைத்தார்கள். கோணல் டிக்கெட் தானாக நேரானது.

அதே ஜப்பானில் 2001 நவம்பரில் 'சுய்கா' அட்டை வந்தது. தொட்டால் போதும். ஆனால், எங்கே எப்படித் தொடுவது என்று முதலில் மக்களுக்குப் புரியவில்லை. பலவிதமாகச் செய்து பார்த்து, தொடும் பலகையைப் பயணியை நோக்கி 13.5 டிகிரி சாய்த்து வைத்தார்கள். கை தானாக அங்கே போனது. டெக்னாலஜியில் பாதி இந்தச் சாய்வு மாதிரியான சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது.

ஜப்பான் கேட்டுகள் பலவற்றில் இன்னொரு குணம் உண்டு. சாதாரணமாகத் திறந்தே இருக்கும். டிக்கெட்டில் தப்பு இருந்தால்தான் மூடும். நம் ஊர் மெட்ரோ கேட் மூடியே இருக்கும். சரியாக இருந்தால்தான் திறக்கும். ஒன்று, வருகிறவரிடம் டிக்கெட் இருக்கும் என்று நம்பித் தொடங்குகிறது. மற்றொன்று, இருக்காது என்று தொடங்குகிறது. கணியூர் தடுப்பு எந்த ரகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கணியூருக்கே வந்திருக்க வேண்டிய கேட்

தமிழ்நாட்டில் பொதுமக்கள் தினசரி பழகிய டிக்கெட் கேட், சென்னை மெட்ரோவில் இருப்பது. 2015 ஜூன் 29-ம் தேதி கோயம்பேடு - ஆலந்தூர் இடையே முதல் ரயில் ஓடியபோது, உள்ளே போகையில் டோக்கனைத் தொட வேண்டும், வெளியே வருகையில் பள்ளத்தில் போட வேண்டும் என்று ஊழியர்கள் நின்று சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு பயண அட்டை, க்யூஆர், வாட்ஸ்அப் டிக்கெட் என்று வரிசையாக வந்தன. 2023 ஏப்ரலில் 'சிங்காரச் சென்னை' அட்டை வந்தது. இது தேசியப் பொதுப் பயண அட்டை வகை. அதாவது, இதே ரக அட்டையை ஏற்கும் வேறு ஊர் மெட்ரோவிலும் பேருந்திலும் செல்லும்.

இந்த அட்டைக்கும் ஃபாஸ்டேக்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம். ஃபாஸ்டேக்கில் பணம் எங்கோ ஒரு கணக்கில் இருக்கிறது. பயண அட்டையில் மீதித்தொகை அட்டையின் சிப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. காரணம், நேரம். பூமிக்கடியில் இருக்கும் கேட், ஒவ்வொரு பயணிக்கும் வங்கியைக் கேட்டுவிட்டுத் திறப்பதற்குள் பின்னால் வரிசை நின்றுவிடும். லண்டனில் வங்கி அட்டையைத் தொட்டுப் போகும் முறை வந்தபோதும், அரை விநாடிக்குள் வேலை முடிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. க்யூஆரில் அந்த வேகம் வராது. போனை எடுத்து, ஆப்பைத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டி, கோணம் பார்த்துக் காட்ட வேண்டும். டிஸ்ப்ளேவில் கீறல் விழுந்த போன் என்றால் அவ்வளவுதான்.

இந்தக் கேட் கணியூருக்கே வந்திருக்க வேண்டியது. கோவை மெட்ரோவுக்கான முதல் சாத்தியக்கூறு ஆய்வில் உக்கடத்திலிருந்து கணியூர் வரை, சுமார் 26 கிலோமீட்டருக்கு ஒரு பாதை போட்டிருந்தார்கள். விரிவான திட்ட அறிக்கை தயாரானபோது அது நீலாம்பூரோடு நின்றுவிட்டது. அந்த அறிக்கையையும் 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கெடுப்பின்படி கோவையில் அவ்வளவு இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். 2011-க்குப் பிறகு அவிநாசி ரோட்டில் ஒருமுறை போய் வந்தவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கலாம். எப்படியோ, கணியூருக்கு அருகில் இருக்கும் ரயில் என்றால் இன்றும் சோமனூர் ஸ்டேஷனும் திருப்பூர் ஸ்டேஷனும்தான்.

மெட்ரோ கேட்டைத் தூக்கி ஸ்டேஷனில் வைக்க முடியாதா?

முடியாது என்று சொல்ல முடியாது. ஆனால், மெட்ரோ கேட் தெரிந்துகொள்ள வேண்டியது மிகக் குறைவு. எங்கே ஏறினார், எங்கே இறங்கினார், அட்டையில் காசு இருக்கிறதா? அவ்வளவுதான். எல்லா ரயிலும் ஒரே மாதிரி. எந்த ரயிலில் ஏறினாலும் கவலை இல்லை.

ரயில்வே டிக்கெட் அப்படியா? திருப்பூர் வாசலில் ஒரு மாலை நேரம் வரிசையில் நிற்பவர்களை நினைத்துப் பாருங்கள். முதல் ஆள் கையில் முன்பதிவு டிக்கெட். ஒரே பிஎன்ஆரில் குடும்பத்தோடு ஆறு பேர். ஒரு க்யூஆருக்கு ஆறு முறை கேட் திறக்க வேண்டும். அதில் நாலு பேர் வந்துவிட்டார்கள், இரண்டு பேர் இன்னும் ஆட்டோவில். அடுத்தவர் தினமும் கோவை போகும் சீசன் டிக்கெட்காரர். அதற்கடுத்து ஆர்ஏசி. பிறகு கவுன்ட்டரில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட். பிறகு ரயில்வே ஊழியரின் பாஸ். பிறகு மகளை ஏற்றிவிட 10 ரூபாய் பிளாட்ஃபார்ம் டிக்கெட் எடுத்த அப்பா. அவருக்கு இரண்டு மணி நேரம்தான் அனுமதி. ரயில் லேட் என்றால் கேட் அவரை வெளியே விடுமா, மடக்குமா?

குழந்தை விஷயம் இன்னும் சுவாரஸ்யம். டெல்லி மெட்ரோவில் 90 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரம் இருந்தால் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். கேட்டின் பக்கவாட்டில் இருக்கும் சென்சார்கள் உயரத்தைப் பார்க்கும். ஒட்டிக்கொண்டு இரண்டாவது ஆள் நுழைவதையும் பார்க்கும். ரயில்வேயில் கணக்கு உயரம் இல்லை, வயது. 5 வயதுக்குக் கீழே இலவசம். நாலரை வயதில் நெடுநெடுவென்று வளர்ந்த பிள்ளையின் வயதை எந்த சென்சாரும் சொல்லாது. அம்மா சொல்வதை நம்ப ஓர் ஆள் வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது முன்பதிவில்லாத டிக்கெட். 199 கிலோமீட்டர் வரைக்கான டிக்கெட் என்றால், எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் அல்லது அந்த ஊருக்கான அடுத்த ரயில் கிளம்புவதற்குள், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். 200 கிலோமீட்டருக்கு மேல் என்றால் மூன்று நாள் முன்பே எடுக்கலாம். அந்த டிக்கெட்டில் ரயில் பெயர் இல்லை, இருக்கை இல்லை. எத்தனை பேருக்கு இடம் இருக்கிறதோ அத்தனை டிக்கெட்தான் என்ற கணக்கும் இல்லை. கேட் என்பது உள்ளே எத்தனை பேர் என்று எண்ணுகிற சாதனம். எண்ணிக்கையே இல்லாத டிக்கெட்டை அது எப்படி எண்ணும்?

போன் வந்த பிறகு டிக்கெட் எடுப்பது எளிதாகியிருக்கிறது, சந்தேகமில்லை. சென்னைப் புறநகர் ரயிலில் 2015-ல் வந்த யுடிஎஸ் ஆப், பிறகு நாடு முழுக்கப் பரவியது. 2025 ஜூலை 1 முதல் 'ரயில்ஒன்' என்ற ஒரே ஆப்பில் முன்பதிவு டிக்கெட், முன்பதிவில்லாத டிக்கெட், பிளாட்ஃபார்ம் டிக்கெட் எல்லாம் கிடைக்கின்றன. ஆனால், காகிதமில்லாத டிக்கெட்டை ஸ்டேஷனுக்குள் நின்றபடி எடுக்க முடியாது. கொஞ்சம் தள்ளி நின்றுதான் எடுக்க வேண்டும். உள்ளே நிற்கிறோம் என்பதை ஜிபிஎஸ் காட்டிக்கொடுத்துவிடும். டிடிஇ தலை தெரிந்ததும் டிக்கெட் போடும் புத்திசாலிகளுக்காக வைத்த வேலி இது! உள்ளே வந்துவிட்டால் அங்கே ஒட்டியிருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்து எடுக்கலாம். ஸ்கிரீன்ஷாட் காட்டினால் செல்லாது. ஆப்பைத் திறந்து டிக்கெட்டைக் காட்ட வேண்டும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

கொஞ்சம் யோசித்தால், இந்த ஜிபிஎஸ் எல்லையே கண்ணுக்குத் தெரியாத ஒரு கேட்தான்.

புது டெல்லிக்குப் பிறகு

73 நிலையங்கள் என்ற அறிவிப்புக்குக் காரணம் டிக்கெட் வருமானம் அல்ல. 2025 பிப்ரவரி 15 இரவு, கும்பமேளா கூட்டத்தில் புது டெல்லி ரயில் நிலையத்தில் நெரிசல் ஏற்பட்டு 18 பேர் இறந்தார்கள். நடைமேம்பாலப் படிக்கட்டில் ஒரு பயணி தலையில் சுமந்து வந்த மூட்டை விழுந்ததில் அது தொடங்கியதாகப் பின்னர் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. ஒரு மூட்டை விழுந்தால் 18 பேர் சாகும் அளவுக்குப் படிக்கட்டில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

அதனால்தான் இந்த முடிவு. உறுதியான முன்பதிவு டிக்கெட் உள்ளவர் மட்டும் பிளாட்ஃபார்முக்குள் நேராகப் போகலாம். வெயிட்டிங் லிஸ்ட்காரர்களும் டிக்கெட் இல்லாதவர்களும் வெளியே கட்டப்படும் காத்திருப்புக் கூடத்தில் இருக்க வேண்டும். முன்பதிவில்லாமல் போகிறவர்களின் கூட்டத்தையும் அங்கேயே நிறுத்தி, ரயில் வந்த பிறகு பிளாட்ஃபார்முக்கு விடுவார்கள். அங்கீகாரமில்லாத வழிகள் அடைக்கப்படும். புது டெல்லி, ஆனந்த் விகார், வாரணாசி, அயோத்தி, பாட்னா ஆகிய ஐந்து இடங்களில் முதலில் தொடங்கினார்கள். புது டெல்லியில் சுமார் 7,000 பேர் தங்கும் நிரந்தரக் கூடம் 2025 தீபாவளிக்கு முன்பே தயாரானது. அதே மாதிரியில் 76 நிலையங்களில் கூடங்கள் கட்டி, 2026 பண்டிகைக் காலத்துக்குள் முடிப்பது ரயில்வே வைத்த இலக்கு.

இதில் குறை சொல்ல முடியாத பகுதி உண்டு. உயிர் போகாமல் இருக்க எண்ணிக்கை தெரிந்தாக வேண்டும். கூட்டம் நிற்கும் இடம் படிக்கட்டாக இருக்கக் கூடாது. கூரையும் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள கூடமாக இருக்கட்டும். மழையில் ஸ்டேஷன் வாசலில் மூட்டையோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தவர்கள் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால், இந்த மாதிரி எந்த ஸ்டேஷனை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். புது டெல்லியும் பாட்னாவும் பல ரயில்கள் புறப்படும் இடங்கள். சென்னை சென்ட்ரலும் அப்படித்தான். அங்கே ரயில் கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே வந்து நிற்கும். கூடத்திலிருந்து வரிசையாக அழைத்துப் போய் ஏற்றலாம். திருப்பூர் அப்படியல்ல. இரண்டே பிளாட்ஃபார்ம், கோவைக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் ரயில் சில நிமிடங்கள் நின்றுவிட்டுப் போகிற ஊர்.

அந்தச் சில நிமிடங்களில் ஏறுகிறவர்கள் யார்? ஜார்க்கண்டும் ஒடிசாவும் போகும் தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸ் திருப்பூர் வழியாகத்தான் போகிறது. பனியன் கம்பெனிகளிலும் டையிங் பட்டறைகளிலும் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போவதும் வருவதும் இப்படிப்பட்ட ரயில்களில். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய பிறகு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தால் முன்பதிவு எங்கே கிடைக்கும்? பொதுப்பெட்டிதான் கதி. இரண்டு மாதம் முன்பே நாள் குறித்து டிக்கெட் போடக்கூடியவருக்குக் கேட் உடனே திறக்கும். லீவு எப்போது கிடைக்கும் என்றே தெரியாதவர், டிக்கெட்டுக்குக் காசு கொடுத்த பிறகும் ரயில் வரும்வரை கேட்டுக்கு வெளியே.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 22 பெட்டி கொண்ட ரயிலின் நீளம் அரை கிலோமீட்டருக்கும் மேல். பொதுப்பெட்டிகள் வழக்கமாக இன்ஜினை ஒட்டியும், கடைசியிலும் இருக்கும். கூடமும் கேட்டும் பிளாட்ஃபார்மின் நடுப்பகுதியில் அமைந்தால், ரயில் வந்த பிறகு கேட் திறந்து, மூட்டையும் பிள்ளையுமாக ஒருவர் ஏறக்குறைய 250 மீட்டர் ஓட வேண்டும். ஒருவர் இல்லை, நூறு பேர், ஒரே நேரத்தில், இரண்டு திசையிலும். ரயில் நகரத் தொடங்கும் சமயத்தில் கம்பியைப் பிடிப்பார்கள். படிக்கட்டு நெரிசலைத் தடுக்க வந்த கேட், பிளாட்ஃபார்ம் ஓட்டத்தை உண்டாக்கக் கூடாதல்லவா?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ரயில் வந்த பிறகு என்பதை, வருவதற்கு அரை மணி நேரம் முன்பு என்று மாற்றினாலே ஓட்டம் குறையும். பொதுப்பெட்டி வந்து நிற்கும் இரண்டு முனைகளிலும் தனித்தனி வாசல் வைக்கலாம். எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று தமிழோடு இந்தியிலும், முடிந்தால் ஒடியாவிலும் எழுதி வைக்கலாம். தீ, நெரிசல் போன்ற ஆபத்தில் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் தானாகத் திறக்கும் ஏற்பாடு மெட்ரோ கேட்டுகளில் ஏற்கெனவே உண்டு. அது இங்கேயும் வேண்டும். பக்கத்தில் கண்டிப்பாக ஓர் ஆள் நிற்க வேண்டும். 'பீப்' சத்தம் போட்டுச் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன தப்பு என்று சொல்ல மெஷினுக்குத் தெரியாது.

ஜப்பானில் 1967-ல் தொடங்கிய காந்தப் பட்டை டிக்கெட்டுக்கு இப்போது விடைகொடுக்கிறார்கள். டோக்கியோ வட்டாரத்தில் ஜேஆர் ஈஸ்ட் உள்ளிட்ட எட்டு ரயில் நிறுவனங்கள் 2026-27 நிதியாண்டிலிருந்து படிப்படியாக க்யூஆருக்கு மாறப்போவதாக 2024 மே மாதம் அறிவித்தன. ஒசாகா மெட்ரோவில் 2025 மார்ச்சில் முகத்தைப் பார்த்துத் திறக்கும் கேட்டுகள் வந்துவிட்டன. விருப்பப்பட்டுப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் வழக்கம்போல அட்டையைத் தொட்டுவிட்டு, பக்கத்து கேட்டில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.